பெடல் கல்லா, பஞ்சா?



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். டீச்சர் வழக்கமாக மாடித் தோட்டத்துக் கத்திரிக்காய் படமோ, திருவலிதாயம் கோயில் பிரதோஷப் படமோ போடுவார்கள், இன்று என்ன கார் பிரேக் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. போன மே மாதம் ஏற்காட்டில் நடந்த ஒன்றை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. சம்பந்தி அம்மாவும் இதைப் படிப்பார்கள். அம்மா, மன்னிக்கவும். அன்று போனில் "நல்லபடியா வந்து சேர்ந்துட்டோம்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான்.

பெரியவன் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கார் வாங்கினான். ஸ்கோடா ஆக்டேவியா, 1.8 டிஎஸ்ஐ, 180 குதிரை சக்தி, 2016 மாடல், செகண்ட் ஹேண்ட். பார்ப்பதற்கு அடக்கமான வண்டி. மிதித்தால் சீறிக்கொண்டு போகும். எங்கள் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "குடும்பஸ்தனுக்கு எதுக்குடா இவ்ளோ வேகம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "உங்களுக்குத் தெரியாதுப்பா" என்று அவன் சொல்லிவிட்டான். அதோடு சரி. அப்புறம் வீட்டில் கார் பேச்சு வந்தால் அவர் பேப்பரை விரித்துக்கொள்வார்.

உங்களுக்குத் தெரியாதுப்பா என்று யாரிடம் சொன்னான் பாருங்கள். பாடியில் ஒரு பிரேக் கம்பெனியில் 34 வருடம் வேலை பார்த்தவரிடம். மெஷின் ஷாப்பில் ஆரம்பித்து இன்ஸ்பெக்‌ஷனில் ரிட்டயர் ஆனவர். என் மாணவர்களில் பாதிப் பேருடைய அப்பாக்கள் இப்படித்தான் யூனிஃபார்ம் போட்டு ஷிப்டுக்குப் போனவர்கள். நம் ஊர் எது என்று கேட்டால் இப்போது எல்லாரும் பாடி மேம்பாலம், சரவணா ஸ்டோர்ஸ் என்கிறார்கள். என் கணக்கில் பாடி பிரேக் ஊர். பிரேக்ஸ் இந்தியா 1962-ல் இங்கே தொடங்கியது. அதே வருடம் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக் செய்தது, 1998-ல் ஜப்பானின் டெமிங் விருதை வாங்கியது. பக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரானே பிரேக் லைனிங். நாடு முழுக்க ஓடுகிற வண்டிகளை நிறுத்துகிற சாமான் நம் தெருக்காரர்கள் கையால் போனது. வகுப்பில் "உராய்வு" பாடம் வரும்போது நான் புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன். "உங்கப்பா கம்பெனியில என்ன செய்றாங்க, எழுந்து சொல்லு" என்றால் பாடம் முடிந்துவிடும்.

சரி, ஏற்காட்டுக்கு வருகிறேன்.

வண்டியில் பெரியவன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி, நான். அவருக்கு மூட்டுவலி, வரவில்லை. திரும்பி இறங்கும்போது நல்ல வெயில், முன்னால் சுற்றுலா வேன்கள். சேலம் பக்கம் 20 கொண்டை ஊசி வளைவு. ஆட்டோமேட்டிக் வண்டி என்பதால் கியரை டி-யில் போட்டுவிட்டு பிரேக்கிலேயே இறங்கிக்கொண்டிருந்தான். வேகம் அதிகமில்லை, 40-க்குள்தான். பாதி மலை தாண்டியதும் ஏதோ தீய்ந்த வாடை. "முன்னாடி போற வேன்லேர்ந்து வருதும்மா" என்றான். இரண்டு வளைவு கழித்து அவன் முகம் மாறியது. வலது கால் வேகமாக ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பெடல் அடிவரை போகிறது, வண்டி நிற்கவில்லை.

கத்தவில்லை. பேத்தியை மட்டும் மடியோடு அணைத்துக்கொண்டேன். அவன் கியரை மேனுவலுக்குத் தள்ளிக் கீழே கீழே இறக்கினான், என்ஜின் அலறியது. பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்துக் கொஞ்சம் பிடிப்பு வந்தது. பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கத்து மண்ணில் உரசி நிறுத்திவிட்டான். பக்கவாட்டில் ஒரு கோடு, ஒரு டயர் கிழிசல். வேறொன்றுமில்லை. பேத்தி "பாட்டி, கை வலிக்குது" என்றாள். அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

அரைமணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி நன்றாக இருக்கிறது! ஒன்றுமே நடக்காதது போல. ஸ்டெப்னி மாட்டி முதல் கியரில் ஊர்ந்து சேலம் வந்தோம். அங்கே காட்டினால், "பேட் நல்லாத்தான் இருக்கு, ஆயில் லெவலும் சரியா இருக்கு" என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபின் பெரியவனுக்கு இரண்டு வாரம் சரியான தூக்கமில்லை. ராத்திரி ஒரு மணிக்கு லேப்டாப்பில் பிரேக் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். வெளிநாட்டு செட். முன் சக்கரத்துக்கு ஆறு பிஸ்டன் காலிப்பர், ஓட்டை போட்ட பெரிய டிஸ்க், பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். இரண்டு லட்சத்துக்கு மேல். "இருக்கிற பிரேக் பத்தலம்மா. காசைப் பார்த்தா ஆகுமா? பாப்பா வண்டியில இருந்தா" என்றான். எனக்கும் அந்த நிமிஷம் என் வளையலைக் கழற்றிக் கொடுத்துவிடலாம் போலத்தான் இருந்தது.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"அந்த நேரத்துல பெடல் கல்லு மாதிரி இருந்துச்சா, பஞ்சு மாதிரி இருந்துச்சா?"

"என்னப்பா?"

"மிதிச்சப்போ பெடல் கெட்டியா நின்னு வண்டி மட்டும் நிக்கலையா? இல்ல பெடலே உள்ள போச்சா?"

"உள்ள போச்சுப்பா. பஞ்சு மாதிரி."

"பிரேக் ஆயில் எப்போ மாத்துன?"

பதில் இல்லை. வண்டி வாங்கியபோது வந்த சர்வீஸ் பேப்பர்களையெல்லாம் எடுத்துப் பார்த்தோம். என்ஜின் ஆயில் வருடா வருடம் மாற்றியிருக்கிறது. பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. வண்டி பிறந்த நாளிலிருந்து அதே ஆயிலாகவே இருக்கலாம்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டு ஹால் வகுப்பறை ஆனது. வாத்தியார் நான் இல்லை. ஆனால் கணக்கு என்னுடையது. உங்களுக்கும் போடுகிறேன், நோட்டை எடுங்கள்.

ஆட்களோடு வண்டியின் எடை 1,600 கிலோ என்று வைப்போம். மணிக்கு 100 கி.மீ. என்றால் வினாடிக்கு 27.8 மீட்டர். இயக்க ஆற்றல் எவ்வளவு? எட்டாம் வகுப்பு பி பிரிவு, சத்தமாக! நிறையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். சுமார் 6 லட்சத்து 17 ஆயிரம் ஜூல். வண்டியை நிறுத்தினால் இது எங்கேயும் காணாமல் போகாது, வெப்பமாக மாறும். 30 டிகிரியில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வர 2 லட்சத்து 93 ஆயிரம் ஜூல் போதும். அப்படியென்றால் 100-ல் போகிற காரை ஒரு தடவை நிறுத்தினால், இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அந்தத் தட்டுகளில் ஏறுகிறது. வேகம் பாதியானால் சூடு பாதியாகாது, கால்வாசியாகும். வர்க்கம் என்பதை மறக்காதீர்கள்.

இப்போது மலை. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஏறக்குறைய 1,100 மீட்டர் இறக்கம் என்று வையுங்கள். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஒன்றே முக்கால் கோடி ஜூல் வருகிறது. 100 கி.மீ. வேகத்திலிருந்து 28 தடவை நிறுத்துவதற்குச் சமம். நாலு குடம் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். 40-ல்தானே வந்தோம் என்று நாங்கள் சொன்னதில் அர்த்தமே இல்லை. மெதுவாக இறங்கினாலும் உயரத்தின் கணக்கு கணக்குதான். காற்றும் உராய்வும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சின்ன கியரில் இறங்கினால் என்ஜின் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். நாங்கள் டி-யில் வந்ததால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிரேக் தலையில் ஏற்றிவிட்டோம்.

அப்புறம் அவர் ஆயில் கதையைச் சொன்னார். நாம் எண்ணெய் என்று சொன்னாலும் அது எண்ணெயே இல்லையாம், காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் ஒரு திரவம். நம் சென்னைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்று டப்பாவில் போட்டிருக்கும். புதுசாக இருக்கும்போது அது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கட்டுப்பாடு. தண்ணீர் 3.7 சதவீதம் சேர்ந்தபின் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழி. திரவத்தை அழுத்தினால் சுருங்காது, வாயுவை அழுத்தினால் சுருங்கும். ஏழாம் வகுப்பிலேயே நடத்தியிருக்கிறேன்! நாம் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், பேட் வரைக்கும் போகாது. அதுதான் பஞ்சு. ஆறியதும் குமிழி மறைந்துவிடும், பெடல் நல்லபிள்ளை ஆகிவிடும். சேலத்தில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியாததற்கு அதுதான் காரணம்.

கல் என்பது வேறு வியாதி. பெடல் கெட்டியாக நிற்கும், ஆனால் பேட் அளவுக்கு மேல் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கும். அதற்கு மருந்து நல்ல பேட், பெரிய தட்டு. பஞ்சுக்கு மருந்து சில நூறு ரூபாய் ஆயில்.

"அப்போ பெரிய பிரேக் வேணாமாப்பா?" என்று பெரியவன் கேட்டான். அவன் குரல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்குக் கேட்ட குரல் போல இருந்தது.

"மலைக்கு வேணாம். நீ எதுக்கு ஆசைப்படுறேன்னு உண்மையைச் சொல்லு."

அப்போதுதான் சொன்னான். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க நாள் ஒதுக்குவார்கள், அதில் போக வேண்டும் என்று வாங்கிய நாளிலிருந்தே ஆசையாம். அப்பா திட்டுவார் என்று சொல்லவில்லையாம். அவர் சிரித்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் சோழவரத்தில், பழைய ராணுவ விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். இவர் பாடியிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தவர். அது எனக்கே 38 வருடம் கழித்து அன்றுதான் தெரியும்!

"டிராக்குக்குன்னா வேணும்" என்றார். 150-லிருந்து 60-க்கு ஒரு தடவை பிரேக் பிடித்தால் கிட்டத்தட்ட 12 லட்சம் ஜூல். ஒவ்வொரு சுற்றிலும் சில தடவை, ஆறவிடாமல். அங்கே இருக்கிற தட்டு தாங்காது.

இந்த இடத்தில் அவர் சொன்ன ஒன்று எனக்கே புதுசு. "காஞ்ச ரோட்டுல 80-ல ஒரே மிதியா மிதிச்சா ஏபிஎஸ் கடகடன்னு அடிக்குதா?" "அடிக்குது." "அப்போ உன் பிரேக் டயரைவிட பலமாத்தான் இருக்கு. இன்னும் பெரிசு போட்டா ஒரே மிதியில நிக்கிற தூரம் குறையாது. அது டயர் வேலை. பெரிய தட்டு எதுக்குன்னா பத்தாவது மிதியும் முதல் மிதி மாதிரி இருக்கணும்னு."

எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மெல்லிசு தோசைக்கல் ஒரே நிமிஷத்தில் காய்ந்து தோசை கருகும். கனத்த இரும்புக்கல் அதே தீயில் நிதானமாகக் காயும். பெரிய டிஸ்க் என்பது கனத்த கல். நடுவில் காற்று போக வழி இருப்பதால் சீக்கிரம் ஆறவும் செய்யும். பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரத்திலும் டிரம், அது மூடிய சட்டி, உள்ளே சூடு அடைந்துகொள்ளும். டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பவர் 1902-லேயே காப்புரிமை வாங்கியிருந்தாலும், 1953-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டிஸ்க் போட்ட ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்ததாம்.

பிறகு எதைப் போடுவது என்ற கேள்வி. ஆறு பிஸ்டன் செட்டை அவர் மூன்று காரணம் சொல்லி ஒதுக்கினார். ஒன்று, காலிப்பர் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால் அதற்கேற்ப அதிக ஆயில் தள்ள வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்றால் பெடல் ஆழமாகப் போகும். இரண்டு, முன்பக்கம் மட்டும் பலம் ரொம்பக் கூடினால் பின்சக்கரம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. சமநிலை கெட்டால் நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். மூன்று, இரண்டு வருடம் கழித்து அந்த டிஸ்க்கும் பேடும் தேய்ந்தால் மாற்றுச் சாமான் எங்கே கிடைக்கும்?

எங்கள் வண்டியின் முன் டிஸ்க்கை அளந்தார்கள். 312 மில்லிமீட்டர் விட்டம், 25 மில்லிமீட்டர் தடிமன். இதே அடித்தளத்தில் கட்டிய ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ-யின் பெர்ஃபார்மன்ஸ் வகையில் கம்பெனியே 340 மில்லிமீட்டர் டிஸ்க் போடுகிறது, தடிமன் 30. அதற்கான காலிப்பரும் தாங்கியும் நம் ஹப்பில் உட்காரும். பிஸ்டன் ஒன்றுதான், பளபளப்பும் கிடையாது. ஆனால் ஒரு கம்பெனி இன்ஜினியர் கூட்டம் உட்கார்ந்து கணக்குப் போட்ட அளவு. விலையும் அந்த வெளிநாட்டு செட்டில் பாதிக்குள் அடங்கியது. "சிவப்புப் பெயிண்ட் வேணும்னா நானே அடிச்சுத் தரேன்" என்றார்.

ஆனால் வீல் இடிக்குமே. இங்கேதான் டீச்சருக்கு வேலை வந்தது. கரும்பலகைக்கு வைத்திருந்த என் பெரிய மரக் காம்பஸ் இன்னும் பரண் மேல் இருக்கிறது. சார்ட் பேப்பரில் 340 மில்லிமீட்டர் வட்டம் போட்டேன். அதன் விளிம்புக்கு மேல் காலிப்பரின் முதுகு எவ்வளவு எழும்பும் என்று மெக்கானிக் அளந்து சொன்னதையும் வரைந்து வெட்டினேன். 16 அங்குல வீல் என்பது 406 மில்லிமீட்டர், உட்குழிவு அதிலும் குறைவு. என் அட்டை உள்ளே போகவே இல்லை. இரவல் வாங்கி வந்த 17 அங்குல வீலில் இடிக்காமல் சுற்றியது. டயரும் மாற வேண்டும். 205/55 16 என்றால் மொத்த விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர். 225/45 17 என்றால் 634. இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. இந்தக் கணக்கைப் பெரியவனைத்தான் போடச் சொன்னேன். சரியாகப் போட்டான், ஐந்துக்கு ஐந்து.

சாமான் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பிரேக்கில் போலிச் சாமான் நிறைய உலவுகிறது. பெட்டியைப் பார்த்து ஏமாறாமல் பில்லோடு வாங்குங்கள். வண்டியை மாற்றி அமைப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு எல்லை வைத்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். என்ன மாற்றினோம் என்று இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தான்.

மாட்டியது அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில். முதலாளி என் மாணவன், 1997-ல் எட்டாம் வகுப்பு. பெயரைப் போடாதீர்கள் டீச்சர், அப்புறம் எல்லாரும் தள்ளுபடி கேட்பார்கள் என்றான். ஞாயிற்றுக்கிழமை காலை. "டீச்சர், நீங்க ஃபேனுக்கு அடியில உட்காருங்க" என்று ஸ்டூல் போட்டான். எங்கள் வீட்டுக்காரர் ஸ்டூலைத் தொடவே இல்லை. மூட்டுவலிக்காரர் ஒரு பலகை போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்தார்கள். பழைய காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஹோஸ் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாதாம். ஹப்பின் முகத்தில் துரு. மெக்கானிக் பையன் புது டிஸ்க்கை அப்படியே மாட்டப் போனான். இவர் கையைப் பிடித்தார். "கம்பி பிரஷ் எடுப்பா. இங்க ஒரு மயிரிழை துரு இருந்தா, வெளி விளிம்புல தட்டு ஆடும். அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். எல்லாரும் டிஸ்க் மேல பழி போடுவாங்க." அவரே உட்கார்ந்து தேய்த்தார். பிறகு டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, முள் ஆடாததைக் கண்டு தலையை ஆட்டினார். 34 வருடம் அந்தத் தலையாட்டல்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறது. நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பெரியவனும் அப்படித்தான்.

டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகட்டைப் பெரிய அளவுக்கு மாற்றினார்கள். நான்கு சக்கரத்துக்கும் புது ஹோஸ். தாங்கியின் போல்ட்டுகளும் புதுசு. டார்க் ரெஞ்சை வைத்துத்தான் எல்லாம் முறுக்கினார்கள். வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர். கை உணர்ச்சியில் முறுக்குகிறவர்களை இவர் முறைத்தே கொன்றுவிடுவார்.

அடுத்து ஏர் எடுக்கிற வேலை. கடைப் பையன் சாப்பிடப் போய்விட்டான். "நீ உள்ள ஏறி உட்காரு" என்று என்னிடம் சொன்னார். டிரைவர் சீட்டில் நான். சக்கரத்தின் பக்கம் அவர், நிப்பிளில் ஸ்பேனரோடு. ட்யூபும் பாட்டிலும் பெரியவன் கையில். "மிதி... பிடிச்சுக்கோ... விடாத... ம், இப்ப விடு." டிரில் கிளாஸ் போல அரைமணி நேரம். மேலே டாங்கில் ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், காலியானால் மறுபடி காற்று புகுந்துவிடும். வெளியே வந்த பழைய ஆயில் கஷாயம் போலக் கறுப்பு. புதுசு வெளிர்த்தேன் நிறம். பெரியவன் அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியின் முகம் அவன் மனதில் வந்திருக்கும், எனக்கும் வந்தது. கொஞ்சம் ஆயில் பானட்டில் சிந்தியது. அது பெயிண்டைத் தின்றுவிடும் என்று உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை நாலைந்து தடவை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். பேட் மாற்றியதும் முதல் மிதி வெறுமனே உள்ளே போகும். இதை மறந்து ஒர்க்‌ஷாப் சுவரில் மோதியவர்கள் உண்டு என்று என் மாணவன் சொன்னான்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பாவும் மகனும் வெளிவட்டச் சாலைக்குப் போனார்கள். புது பேடும் புது தட்டும் ஒன்றோடொன்று பழக வேண்டுமாம். பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து 80-லிருந்து 20-க்கு இறக்க வேண்டும், முழுசாக நிறுத்தக் கூடாது. இப்படிப் பத்துத் தடவை. பிறகு பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். சூட்டோடு நிறுத்தி மிதித்துக்கொண்டே இருந்தால் பேட் அச்சு தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஏழு மணிக்குள் வர வேண்டியவர்கள் ஒன்பது மணிக்கு வந்தார்கள். கேட்டால், திருநின்றவூரில் இட்லி சாப்பிட்டார்களாம். மூன்று வருடம் ஒழுங்காகப் பேசாதவர்கள் ஒரே கையில் சட்னி வாசனையோடு வந்து நிற்கிறார்கள்.

ஜூலையில் இருங்காட்டுக்கோட்டைக்கும் போய்வந்தான். இவர் வேலியோரம் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் பெரியவன் கண்ணாடியை இறக்கி, "கல்லுமில்ல, பஞ்சுமில்லப்பா" என்றானாம்.

போன மாதம் மறுபடி ஏற்காடு போனோம். நான்தான் வற்புறுத்தினேன். பயத்தோடு அந்த மலையை விட்டுவிடக் கூடாது. இந்த முறை முன்சீட்டில் அவர், பின்சீட்டில் மருமகள், பேத்தி, நான். இறங்க ஆரம்பித்ததும் பெரியவன் தானாகவே மேனுவலுக்குத் தள்ளி இரண்டாம் கியரில் வைத்தான். வளைவுக்கு முன்னால் மட்டும் ஒரு மிதி, உடனே காலை எடுத்துவிடுவான். அந்த மண் ஓரம் வந்தபோது நான் வெளியே பார்க்கவில்லை, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகத்தான் பிடித்தேன். அடிவாரத்தில் இறங்கி இவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிச் சூடு பார்த்தார். "பெரிய தட்டு போட்டுட்டு அதுக்கு வேலையே குடுக்கலையேடா" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

பிள்ளைகளே, எல்லாரும் பெரிய பிரேக் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டே இரண்டு வீட்டுப்பாடம்.

ஒன்று, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று பாருங்கள். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பைக்கில் டிஸ்க் இருந்தால் அதற்கும் உண்டு. மலை இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள், ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும்.

இரண்டு, உங்கள் வீட்டிலும் பேப்பரை விரித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவர் இருப்பார். பாடியிலும் அம்பத்தூரிலும் ஏதாவது ஒரு ஷிப்டில் முப்பது வருடம் நின்றவர். "உங்களுக்குத் தெரியாதுப்பா" என்று சொல்லியிருந்தால், இந்த வாரம் போய் ஒரு கேள்வி கேளுங்கள். எதைப் பற்றியாவது. என்ன பதில் சொன்னார் என்று கமெண்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறேன், அவருக்குக் கண்ணாடி சரியில்லை.

சம்பந்தி அம்மா, நாளை காலை போன் செய்கிறேன். திட்டுவதானால் அப்போது திட்டுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர், பாடி.